விசில் அடிக்காத குக்கர்ல ஒரு நொச்செபுவேனா: கியூபா பன்றிக்கறி, ரெண்டு முயற்சி

பின்னணி

எங்க அபார்ட்மெண்ட்ல ரெண்டு மாடி மேல ஒரு கியூபா குடும்பம் இருக்கு. ஊர் டாம்பா, ஃப்ளோரிடா. அந்த வீட்டுப் பெரியவர் 1980ல மரியெல் துறைமுகத்துல இருந்து படகு ஏறி வந்தவர். அந்த வருஷம் ஏப்ரல்ல இருந்து அக்டோபருக்குள்ள ஒண்ணேகால் லட்சம் பேர் அப்படி வந்தாங்க, அதுல ஒருத்தர். பேரப்பிள்ளைங்க அவர அபுவேலோன்னு கூப்பிடும், தாத்தான்னு அர்த்தம், நாங்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டோம்.

போன வருஷம் வரைக்கும் அவருக்குத் தனி வீடு, பின்னாடி தோட்டம். ஒவ்வொரு டிசம்பர் 24ஆம் தேதியும் அங்க காஹா சீனால முழுப் பன்னி வேகும். காஹா சீனான்னா உள்பக்கம் தகடு அடிச்ச மரப்பெட்டி, பன்னிய உள்ள மல்லாத்தி வச்சு மூடி, அந்த மூடி மேல கரியக் கொட்டி எரிப்பாங்க. நெருப்பு மேல, கறி கீழ, நம்ம ஊர்ல தம் போடும்போது மூடி மேல கங்கு வைப்பாங்கள்ல, அதே சங்கதிதான், என்ன ஒண்ணு, பெட்டி ஆள் படுக்கற நீளத்துக்கு இருக்கும். கிறிஸ்மஸ விட அதுக்கு முந்தின ராத்திரிதான் அவங்களுக்குப் பெருசு, நொச்செபுவேனான்னு சொல்றாங்க, லெச்சோன், அதாவது அந்தச் சுட்ட பன்னி, இல்லாம அந்த ராத்திரி கிடையாது.

மனைவி இறந்தப்புறம் வீட்ட வித்துட்டு பொண்ணு கூட அபார்ட்மெண்ட்டுக்கு வந்துட்டார். இங்க பால்கனில கரி மூட்டக்கூடாதுன்னு வாடகை ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. பொண்ணுக்கு அம்பது வயசு இருக்கும், நர்ஸ், அவங்க பாட்டுக்கு ஒரு 6 குவார்ட், அதாவது ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி, எலக்ட்ரிக் ப்ரஷர் குக்கர் வாங்கிட்டு வந்து, இந்த வருஷம் இதுலயே பண்ணிடலாம் பப்பின்னு சொல்லிட்டாங்க, பப்பின்னா அப்பா. பெரியவர் ஒண்ணும் பேசல, எழுந்து உள்ள போயிட்டாராம்.

இதுல நான் எப்படி வந்தேன்னா, லிஃப்ட்ல பாத்தப்போ அந்தப் பொண்ணு, நீங்க இந்தியாக்காரங்க குக்கர்லதான எல்லாம் பண்ணுவீங்க, வந்து பாருங்களேன்னு கேட்டாங்க. நான் மார்தட்டிக்கிட்டு போனேன். எனக்குத் தெரிஞ்ச குக்கர் கணக்கு விசில் கணக்கு, ஆட்டுக்கறிக்கு அஞ்சாறு விசில், பருப்புக்கு மூணு. இது விசிலே அடிக்காத குக்கர். அதோட இதுல அழுத்தமும் கொஞ்சம் கம்மி, அடுப்பு குக்கர்ல 15 பிஎஸ்ஐ வந்து உள்ள 121 டிகிரி ஏறும்னா இதுல 11, 12தான், 115ல இருந்து 117 டிகிரிக்குள்ள நிக்கும். வித்தியாசம் சின்னதா தெரியும், பெரிய துண்டுக் கறின்னு வந்தா அது எங்க வந்து உக்காரும்னு முதல் முயற்சில பாத்தோம்.

முதல் முயற்சி, டிசம்பர் 10ஆம் தேதி வாக்குல ஒரு சனிக்கிழமை

ஒத்திகை பாத்துடலாம்னு 4 கிலோ தோள்பட்டை வாங்கினாங்க, எலும்போட. முழுசா பானைக்குள்ள போகல, ரெண்டா வெட்டினாங்க, ஒரு துண்டுல எலும்பு அப்படியே இருந்துச்சு.

மோஹோ பெரியவரே பண்ணார். மோஹோங்கறது ஊறவைக்கிற சாறு, மேல ஊத்திக்கிற சாறும் அதுதான். நாரான்ஹா ஆக்ரியான்னு ஒரு புளிப்பு ஆரஞ்சு, பூண்டு, சீரகம், ஓரிகானோ, உப்பு, ஆலிவ் எண்ணெய், அவ்வளவுதான், மிளகாய் கிடையாது. அந்தப் பழம் தோல் சுருக்கம் சுருக்கமா, கொட்டை நிறைய, சாறு எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவுல, பின்னாடி லேசா ஒரு கசப்பு, நார்த்தங்காய் சாப்பிட்டு வளந்த நாக்குக்கு உடனே பிடிபடும். பழைய வீட்ல அவருக்கு ஒரு மரமே இருந்துச்சாம். ஃப்ளோரிடால 2005ல இருந்து பரவுற இலை மஞ்சளாகிற நோய்ல அதுவும் போச்சாம். இப்போ லத்தீன் கடைல வாங்குறார், கிடைக்கலன்னா ரெண்டு பங்கு ஆரஞ்சு சாறு, ஒரு பங்கு எலுமிச்சை.

ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல ஊறுச்சு. காலைல எடுத்தா பூண்டுத் துண்டெல்லாம் பச்சையும் நீலமுமா மாறியிருக்கு. பொண்ணு பயந்து குப்பைல போடப் போயிட்டாங்க. புளிப்பு பட்டா பூண்டுல இருக்கற கந்தகச் சத்து அப்படி நிறம் மாறும், கெட்டுப்போனதில்ல, சாப்பிடலாம். நம்ம வீட்டு பூண்டு ஊறுகாய்லயும் சில தடவ இது நடக்கும், அத சொல்லித்தான் தடுத்தேன்.

அப்புறம் நடந்தத வரிசையா சொல்றேன், ஏன்னா தப்பெல்லாம் இங்கதான். பானைய வதக்குற செட்டிங்ல போட்டு ரெண்டு துண்டையும் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்தோம், ஊறின பூண்டும் சீரகமும் கறியோட ஒட்டிக்கிட்டே உள்ள போயி அடில கருகிப் பிடிச்சுக்கிச்சு, அத சுரண்டாமயே அரை கப் மோஹோ மட்டும் ஊத்தினோம், கறியே தண்ணி விடும்னு நான்தான் சொன்னேன். சாறு பிழிஞ்ச ஆரஞ்சு மூடிகளையும் வாசனைக்குன்னு பெரியவர் உள்ள போட்டார், காஹா சீனால வயித்துக்குள்ள வைக்கிற பழக்கம். மூடி, 60 நிமிஷம் வச்சோம்.

12 நிமிஷத்துல பீப் பீப்னு சத்தம், திரைல அடிப்பிடிக்குதுன்னு எச்சரிக்கை. பானைக்கு அடில ஒரு சென்சார் இருக்கு, அடித்தகடு அளவுக்கு மேல சூடானா அது சூட்ட நிறுத்திடும். திறந்து, மரக்கரண்டியால சுரண்டி, ஒரு கப் ஆரஞ்சு சாறு ஊத்தி, திரும்ப 60 நிமிஷம். முடிஞ்ச உடனே வால்வ திருப்பி ஆவி பூரா வெளிய விட்டாங்க, பேரன் பசிக்குதுன்னு நின்னான். எனக்கு அது கொஞ்சம் உறுத்துச்சு, நம்ம வீட்ல ப்ரஷர் தானா அடங்கட்டும்னு அம்மா கரண்டியத் தூக்கிக் காட்டுவாங்க, ஆனா வாயத் திறக்கல.

என்ன கிடைச்சது

வெளிப்பக்கம் ஒரு இஞ்ச் ஆழத்துக்கு நல்லா நார் நாரா வந்துச்சு. அதுக்குள்ள முள்கரண்டி குத்துனா குத்துன இடத்துலயே நிக்குது, இழுத்தா ரப்பர். எலும்புத் துண்டு இன்னும் மோசம். தெர்மாமீட்டர் வச்சு பாத்தா நடுல 84 டிகிரி. சாப்பிட ஒரு பயமும் இல்ல, முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கு 63 டிகிரி வந்து மூணு நிமிஷம் விட்டா போதும்னுதான் அமெரிக்க அரசாங்கக் கணக்கு. ஆனா வெந்ததும் நாரா பிரியறதும் வேற வேற விஷயம். தோள்பட்டை நாள் பூரா வேலை செய்யற தசை, சவ்வு ஜாஸ்தி, அந்த சவ்வு கரைஞ்சு ஜெலட்டின் ஆனாதான் பிரியும், அதுக்கு 90 தாண்டி கொஞ்ச நேரம் அங்கயே நிக்கணும்.

பிரிஞ்ச வரைக்கும் இருந்த கறியும் வறண்டிருந்துச்சு. ஆவிய ஒரே அடியா விட்டா உள்ள அழுத்தம் சடார்னு இறங்கி, சாறு எல்லாம் கொதிச்சுப் பொங்கும், கறிக்குள்ள இருக்கற தண்ணியும் சேத்துதான்.

ருசிதான் பெரிய அடி. சாறு கசந்துச்சு, பாதி அந்த ஆரஞ்சுத் தோல், பாதி கருகின பூண்டு. பூண்டு வாசனையே காணோம், புளிப்பு மந்தமா இருந்துச்சு. பெரியவர் ஒரு வாய் போட்டுக்கிட்டு, ஆஸ்பத்திரி சாப்பாடுன்னு ஸ்பானிஷ்ல சொன்னார், பொண்ணு முகம் சுருங்கிடுச்சு, அவங்க வேலை பாக்கறதே ஆஸ்பத்திரில.

என்ன மாத்தினோம், ஏன்

அடுத்த ரெண்டு நாள் இதேதான் பேச்சு. பொண்ணுக்கு ஒரு யோசனை, புகை வாசனைக்கு பாட்டில்ல வர்ற திரவத்த ரெண்டு சொட்டு விடலாம், பார்பெக்யூ சாஸ் சேக்கலாம்னு. பெரியவர் மேசைய விட்டு எழுந்துட்டார். என் யோசனை ரெண்டு பச்சமிளகா, அதுக்கு அவர் எழுந்திருக்கக்கூட இல்ல, என்னப் பாத்தார், அவ்வளவுதான்.

கடைசில பெரியவர்தான் வழிக்கு கொண்டு வந்தார். காஹா சீனால ரெண்டு வேலை நடக்குது மிஹோ, மொத நாலு மணி நேரம் வேகுறது, கடைசி அர மணி நேரம் திருப்பிப் போட்டு முறுகுறது, இந்தப் பானைக்கு ஒரு வேலைதான் தெரியும்னார். மிஹோன்னா மகனேன்னு கூப்பிடறது. அதுக்கப்புறம் முடிவெல்லாம் மளமளன்னு விழுந்துச்சு. பானைகிட்ட மென்மைய மட்டும் கேப்போம், முறுகல அவன்கிட்ட, அதாவது ஓவன் அடுப்புகிட்ட, விடுவோம், பூண்டும் புளிப்பும் கடைசில கைல.

துண்டு அளவு: எலும்ப எடுத்துட்டு கைமுஷ்டி அளவு, 5 சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டணும்னு வச்சோம். முதல் தடவ எடையப் பாத்து நேரம் வச்சதுதான் தப்பு, சூடு நடுவரைக்கும் போறது கனத்தப் பொறுத்தது, கனம் பாதியானா நேரம் கிட்டத்தட்ட கால்வாசியாகும். 10 சென்டிமீட்டர் துண்டுக்கு ஒரு மணி நேரம் பத்தல, இதுக்கு 45 நிமிஷம் தாராளம், மிச்ச நேரம் சவ்வு கரையறதுக்கு. அந்தக் கணக்குல பானைக்குள்ள ரெண்டு கிலோ போட்டாலும் நாலு கிலோ போட்டாலும் நேரம் ஒண்ணுதான், அழுத்தம் ஏறத்தான் முன்னப்பின்ன ஆகும்.

வறுக்கறத விட்டுட்டோம். எப்படியும் அவன்ல முறுகப்போகுது, எதுக்கு அடில கருகல உண்டாக்கி எச்சரிக்கை வாங்கணும். எடுத்த எலும்புகளையே பானை அடில பரப்பி அதுமேல கறிய அடுக்கறதுன்னு முடிவு, கறி அடில ஒட்டாது, எலும்புச் சாறும் இறங்கும், இது என் மனைவி சொன்னது, அவங்க நாட்டுக்கோழிக்கு இப்படித்தான் பண்ணுவாங்க. திரவம் ஒரு முழு கப், தெளிஞ்ச சாறா, பூண்டுத் திப்பி இல்லாம வடிகட்டி. ஆரஞ்சுத் தோல் உள்ள போகாது. ஆவி தானா அடங்கற வரைக்கும் வால்வ யாரும் தொடக்கூடாது, பேரனுக்கு முன்கூட்டியே பிஸ்கட்.

மோஹோவ ரெண்டா பிரிச்சோம். ஊறவைக்க ஒண்ணு, பரிமாறுறதுக்கு முன்னாடி புதுசா ஒண்ணு. என்னக் கேட்டா எல்லாத்துலயும் இதுதான் முக்கியமான முடிவு, 117 டிகிரில முக்கா மணி நேரம் கிடந்த பூண்டுக்கும் எலுமிச்சைக்கும் பேசறதுக்கு ஒண்ணும் மிச்சமிருக்காது.

24ஆம் தேதி

பதினாலு பேர் சாப்பாடு. எலும்பில்லாம 4.9 கிலோ கறி, உப்பு எடைல ஒண்ணரை சதவீதம், மோஹோல ஒரு ராத்திரி. ஒரு பானைல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ரொப்பக்கூடாது, அதனால எங்க வீட்டுப் பானையையும் தூக்கிட்டுப் போனோம். முந்தின நாள் என் மனைவி நல்லவேளையா மூடிய மோந்து பாத்தாங்க. உள்ள இருக்கற சிலிகான் வளையம் நாலு வருஷ சாம்பாரையும் பெருங்காயத்தையும் குடிச்சு வச்சிருக்கு, சோப்பு போட்டாலும் போகல. புது வளையம் ஒண்ணு வாங்கி மாட்டினோம்.

மத்தியானம் ஒரு மணிக்கு ரெண்டு பானையும் ஏத்தியாச்சு. பொண்ணு காபி மெஷின தட்டினாங்க, சமையலறை இருட்டாயிடுச்சு. பானை ஒவ்வொண்ணும் 1000 வாட், காபி மெஷின் 900, மூணும் ஒரே லைன், 120 வோல்ட்ல 20 ஆம்பியர்னா 2400 வாட்தான் தாங்கும். பிரேக்கர போட்டுட்டு ஒரு பானைய கூடத்துக்கு கொண்டு போய் டிவி பக்கத்துல வச்சோம், பதினஞ்சு நிமிஷம் போச்சு. காபி அன்னைக்கு அடுப்புல.

45 நிமிஷம் ஓடி, ஆவி தானா அடங்க 25 நிமிஷம், மிதக்குற ஊசி கீழ விழுந்தப்புறம்தான் திறந்தோம். கரண்டி பட்டதும் துண்டு ரெண்டா விழுந்துச்சு. நடுல 98 டிகிரி.

கறிய தனியா எடுத்து, சாற வடிகட்டி, மேல நின்ன கொழுப்ப அகப்பைல வழிச்சு ஒரு கிண்ணத்துல வச்சோம், சாற அகலமான சட்டில போட்டு பாதியா வத்த வச்சோம். இங்கதான் அன்னைக்கு நடந்த ஒரே சறுக்கல், கறில இருந்து இறங்கின உப்பெல்லாம் அந்தச் சாறுலதான் இருந்திருக்கு, பாதியா வத்தினதும் வாயில வைக்க முடியல. கீழ கொட்டல, பாதிச் சாற ஒதுக்கிட்டு மிச்சத்துல உப்பில்லாத ஆரஞ்சு சாறு ஒரு கப் கலந்து சரிகட்டினோம்.

கறிய பெரிய பெரிய நாரா, ரொம்பப் பொடிசாக்காம பிச்சு, ரெண்டு ட்ரேல பரப்பி, வழிச்ச கொழுப்பையும் அந்தச் சாறு கொஞ்சத்தையும் தெளிச்சு, வட்டமா நறுக்கின வெங்காயத்த மேல போட்டு அவன்ல மேல் கம்பி சூட்டுக்கு அடில தள்ளினோம். ஏழு நிமிஷம், பக்கத்துலயே நின்னு பாத்தோம், ஆறாவது நிமிஷத்துல ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், எட்டாவது நிமிஷத்துல கருகிடும். ஓரமெல்லாம் செம்பழுப்பா சுருண்டு, உள்ள ஈரமா வந்துச்சு.

அந்த நேரத்துல பெரியவர் ஒரு மூலைல உக்காந்து அவரோட பிலோன மடில வச்சுக்கிட்டார். மரத்துல குடைஞ்ச இடிகல், கல்லு இல்ல, மரம், விளிம்பு ஒரு பக்கம் தேஞ்சு சாஞ்சிருக்கு, நாப்பது வருஷமா ஒரே கை இடிச்ச சாய்வு. இருபது பல் பூண்டையும் உப்பையும் போட்டு இடிக்கிறார், மொதல்ல டொக் டொக்னு கேக்குற சத்தம் பூண்டு நசுங்க நசுங்க சொத சொதன்னு ஆயிடுது, அது மாறினப்புறம்தான் சீரகமும் ஓரிகானோவும் போடறார். அப்புறம் அரை கப் ஆலிவ் எண்ணெய புகை வராம சுட வச்சு அதுமேல ஊத்தினார், ஸ்ஸ்ஸ்னு ஒரு பொங்கு, வீடு பூரா பூண்டு. என் மனைவி என்னப் பாத்து சிரிச்சாங்க, தாளிப்பு. கடைசில புளிப்பு ஆரஞ்சு சாறு ஒரு கப்.

அத ட்ரே ரெண்டுலயும் ஊத்தி உடனே மேசைக்குப் போயிடுச்சு. கூட கருப்பு பீன்ஸும் அரிசியும் ஒண்ணா வேகவச்ச சோறு, யூக்கா. யூக்கான்னா வேற ஒண்ணும் இல்ல, நம்ம மரவள்ளிக்கிழங்கு, அதுக்கும் மேல அதே மோஹோ.

என்ன ஆச்சு

4.9 கிலோ 2.8 கிலோவா சுருங்கியிருந்துச்சு, ஆளுக்கு 200 கிராம், பத்துச்சு, கொஞ்சம் மிஞ்சவும் செஞ்சது. பெரியவர் முதல் தட்டுல முறுகின ஓரமா பொறுக்கிப் பொறுக்கி எடுத்தார். மயாமி பக்கத்து ஊர் ஹியாலியால இருந்து வந்திருந்த அவரோட தங்கச்சி ரெண்டாவது தடவ போட்டுக்கிட்டு, எந்தக் கடைல வாங்கினீங்கன்னு கேட்டாங்க, பொண்ணு ஒண்ணும் சொல்லாம குக்கரக் காட்டினாங்க.

பெரியவர்கிட்ட நானே கேட்டேன். நல்லா இருக்கு, ஆனா இத லெச்சோன்னு சொல்லாத, தோல் எங்கன்னார். அவர் சொல்றது சரிதான், லெச்சோன்ல சண்டை போட்டு சாப்பிடறது அந்த மொறு மொறு தோலதான், பல்லுல வச்சா கண்ணாடி மாதிரி உடையும், தோளு துண்டுல அத நாங்க முதல்லயே வெட்டி எறிஞ்சிட்டோம். பானைல தோல் வெந்தா சவ்வு மாதிரி கொழகொழன்னுதான் ஆகும், அது தெரிஞ்சுதான் எறிஞ்சோம், அத தனியா பண்ணலாம்னு எங்க யாருக்கும் தோணல.

மிச்சத்த ராத்திரியே ஒரு மணி நேரத்துக்குள்ள தட்டையான டப்பாக்கள்ல பரப்பி ஃப்ரிட்ஜ்ல வச்சாங்க, நர்ஸ் வீடு. மறுநாள் அது கியூபன் சாண்ட்விச்சா மாறுச்சு: பன்றிக் கொழுப்பு சேத்து சுட்ட நீள ரொட்டி, கடுகு, ஊறவச்ச வெள்ளரி, ஹாம், சுவிஸ் சீஸ், இந்தக் கறி, அழுத்திச் சுடணும். டாம்பால கூடவே சலாமியும் வைப்பாங்க, ஈபோர் சிட்டிங்கற டாம்பா பகுதியோட சுருட்டுக் கம்பெனிங்கள்ல கியூபாக்காரங்களோட இத்தாலிக்காரங்களும் வேலை பாத்த காலத்துல ஒட்டிக்கிட்டதுன்னு இங்க சொல்றாங்க. மயாமிக்காரங்க அத ஒத்துக்கவே மாட்டாங்க. டாம்பா நகர கவுன்சில் 2012ல இதுக்குன்னு தீர்மானமே போட்டுச்சு. ஹியாலியா தங்கச்சி அவங்க சாண்ட்விச்ல இருந்து சலாமிய எடுத்து தட்டோட ஓரத்துல வச்சாங்க. நான் என் பங்குக்கு ரெண்டு பச்சமிளகா வச்சுக்கிட்டேன், பெரியவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தப்போ.

அடுத்த தடவ மாத்தப்போறது

உப்ப ஒண்ணரை சதவீதத்துல இருந்து ஒண்ணுக்கு இறக்கணும், சாற வத்த வச்சு ருசி பாத்தப்புறம் மிச்ச உப்பு. கறிய பிக்கறத இன்னும் தள்ளிப்போடணும், நாங்க பிச்சு வச்சுட்டு யூக்கா வேகட்டும்னு இருபது நிமிஷம் காத்திருந்தோம், மேல இருந்த நாரெல்லாம் காஞ்சுடுச்சு, துண்டாவே சாறுக்குள்ள கிடந்திருந்தா அந்தப் பிரச்சன இல்ல. பானை ரெண்டையும் வேற வேற லைன்ல மொதல்லயே மாட்டணும், எந்த சாக்கெட் எந்த லைன்னு பொண்ணு பிரேக்கர் பெட்டில இப்பவே பென்சில்ல எழுதி வச்சுட்டாங்க.

தோலுக்கு மட்டும் ஒரு நாள் முன்னாடியே வேலை. தோள்பட்டை வாங்கும்போதே முழுத்தகடா உரிச்சு, கொழுப்ப சுரண்டி, உப்பு தடவி ஃப்ரிட்ஜ்ல மூடாம ஒரு ராத்திரி காய விட்டு, அவன்ல ரெண்டு ட்ரேக்கு நடுவுல அமுக்கி வச்சு சுடறதா பேச்சு. ஜனவரில ஒரு ஞாயித்துக்கிழமை சின்ன துண்டுல பண்ணிப் பாத்தாங்க, ஒரு பாதி பொரிஞ்சுச்சு, ஒரு பாதி செருப்புத்தோல் மாதிரி ஆயிடுச்சு, கொழுப்பு சரியா சுரண்டாத பக்கம். பெரியவர் பொரிஞ்ச பாதிய ஒரு பேப்பர்ல சுத்தி எங்க வீட்டுக்கு கொடுத்தனுப்பினார்.

எங்க பானையோட பழைய வளையம் திரும்ப சாம்பாருக்கு வந்துடுச்சு. புது வளையத்துல மார்க்கர்ல பன்னின்னு எழுதி, மேல் மாடில அவங்க வீட்டு அலமாரில ஆணில தொங்குது.